மைதீன் பிச்சை குடித்த மருந்துகள்

சாரல் காலத்தில் மேற்கு மலை இருக்கிற இடம் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் மலை நின்ற இடத்தில் வெள்ளையாக என்னவோ நின்றுகொண்டிருக்கும். அந்த வெள்ளைக்குக் கீழே, ஓடைக்கரையில் ஒரு கூரைக் கொட்டகை. அதில் வடிவம்மை என்று ஒருவர் சித்த வைத்தியம் பார்த்துவந்தார். காவி கட்டவில்லை, ஜடாமுடி இல்லை. வயது நாற்பத்தொன்று. அவருக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு ஐம்பத்தொன்பது.

பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "குருவுக்குத் தலை கறுப்பு, சீடனுக்குத் தலை வெளுப்பு. எங்கயாவது உண்டுமா?" என்று சிரிப்பார்கள். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'அம்மை' என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

சீடர் பெயர் பிரமநாயகம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றே பழகிய கால். உட்காரச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார். எதுவும் நகராமல் நின்றால் அவருக்கு ஆகாது. பஸ் என்றால் விசில் ஊதி நகர்த்திவிடலாம். மனுஷ உடம்பை என்ன செய்ய?

அவருடைய கவலையெல்லாம் ஒரே ஒருவனைப் பற்றித்தான். மைதீன் பிச்சை. டவுனில் தையல்காரன், பால்ய சிநேகிதன். அவன் தைத்த காக்கிச் சட்டையைத் தவிர வேறு சட்டையில் பிரமநாயகம் டிக்கெட் கிழித்தது கிடையாது. அந்த மைதீனுக்கு ரத்தக் கொதிப்பு வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயின. எட்டு மாதமாக வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் படுக்கிறான்.

"முன்னெல்லாம் மிஷினை நான் ஓட்டினேன். இப்ப மிஷின் என்னை ஓட்டுது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். பிரமநாயகத்துக்குச் சிரிப்பு வராது.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவர் முதன்முதலாக இந்தக் கொட்டகைக்கு வந்தார்.

"அம்மை, கிட்னிக்கு மருந்து வேணும்."

"உங்களுக்கா அண்ணாச்சி?"

"என் சோட்டாளிக்கு."

வடிவம்மை ரிப்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது கல் இல்ல, அடைப்பு இல்ல. சுருங்கிட்டு. இதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. மிஷினை விடாம பாத்துக்கிடுங்க."

வேறு யாராக இருந்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். பிரமநாயகம் ஏறவில்லை. அதற்குள் அவர் பத்துப் பன்னிரண்டு வைத்தியர்களைப் பார்த்திருந்தார். எல்லாரும் 'இருக்கு, இருக்கு' என்றார்கள். 'இல்லை' என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். வைத்தியர்கள் கடைசி மருந்தை மட்டும் மறைத்து வைப்பார்கள், பக்குவப்பட்ட சீடனுக்குத்தான் அதைக் காட்டுவார்கள் என்று அவர் எங்கேயோ கேட்டிருந்தார். அப்படியானால் இல்லை என்கிறவரிடம்தானே இருக்க வேண்டும்! அன்றைக்கே கல்வத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மருந்து அரைக்க ஆரம்பித்துவிட்டார்.

மாதம் ஒரு தடவை கேட்பார். அம்மை 'இல்ல அண்ணாச்சி' என்பார். ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் பிரமநாயகத்தின் நம்பிக்கை ஒரு சுற்றுப் பெருத்தது. சோதிக்கிறார், நன்றாகச் சோதிக்கிறார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டார்.

அவர் பொறுமைசாலி ஒன்றும் இல்லை. திங்கள், வியாழன் கொட்டகைக்கு வரமாட்டார். மைதீனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வேறு பஸ் பிடிப்பார். மூத்திரத்தில் எண்ணெய்ச் சொட்டு விட்டு அது பாம்பாக ஓடுகிறதா மோதிரமாக நிற்கிறதா என்று பார்க்கிறவர் ஒருவர். வேரைக் கொடுத்துவிட்டு ஆறு தாண்டும்வரை திரும்பிப் பார்க்காதே என்றவர் ஒருவர். போன இடத்தில் எல்லாம் ஒரு பொட்டலம், ஒரு பாட்டில். சாயங்காலம் அதைக் கொண்டுபோய் மைதீனிடம் கொடுப்பார். மைதீன் முகம் சுளிக்காமல் குடிப்பான்.

"எப்படிவே இருக்கு?"

"நல்லாருக்கு வே."

அன்று இரவு பிரமநாயகம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாரல் விழுவதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. கூரை நுனியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிரமநாயகம் கொட்டகைக்குள் வந்து நின்றார். உட்காரவில்லை.

"அம்மை, ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"மைதீனை மிஷினுக்குப் போக வேண்டாம்னுட்டேன். நாளைக் கழிச்சு வியாழக்கிழமை போகமாட்டான்."

வடிவம்மை கடுக்காய் இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை நின்றது. எட்டு மாதத்தில் ஒரு நாளும் அது பாதியில் நின்றதில்லை.

"ஏன்?"

"மிஷின்ல போட்டு அலசுற ரத்தத்துல மருந்து எப்படித் தங்கும்? ஆத்துக்கு அந்தப் பக்கம் வைத்தியரு ஒருத்தர் கேட்டாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. அதான் நீங்க குடுக்க மாட்டேங்கிறீங்க. மிஷினை விட்டுட்டு வந்தா நீங்களும் மறைக்க மாட்டீங்கன்னு..."

"உங்க சோட்டாளி என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் எம் முகத்தையே பாத்தான். சரின்னுட்டான்."

அம்மை ஓடையைப் பார்த்தார். அந்தப் பக்கக் கரையே தெரியவில்லை. தண்ணீர் பனியிலிருந்து வந்து பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"பத்தியம் இருப்பீங்களா அண்ணாச்சி?"

மருந்து தருகிறேன் என்று அம்மை சொல்லவில்லை. பத்தியம் இருப்பீர்களா என்றுதான் கேட்டார். பிரமநாயகத்தின் காதில் விழுந்தது வேறு. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இருப்பான் அம்மை! மைதீன் சொன்ன சொல் தவற மாட்டான்."

"அவரைக் கேக்கல. உங்களை."

"நோய் அவனுக்கு."

"பால்குடி மாறாத பிள்ளைக்கு மாந்தம்னு வந்தா யாருக்கு மருந்து குடுப்போம்?"

"தாய்க்கு."

"பத்தியம்?"

"அதுவும் தாய்க்குத்தான்."

"அவ்வளவுதான்."

பிரமநாயகம் தலையைச் சொறிந்தார். மைதீன் பிச்சை பால்குடிப் பிள்ளை இல்லை, பேரன் எடுத்தவன். ஆனால் குருவிடம் அதைச் சொல்லவா முடியும்?

"இன்னொண்ணு" என்றார் அம்மை. "தேன்ல குழைச்சுக் குடுக்கிற மருந்தைத் தேன் இல்லாம குடுத்தா?"

"பிடிக்காது. அனுபானம் முக்கியம்லா? அதுதான் மருந்தைக் கூட்டிட்டுப் போறது. நீங்கதான சொல்லித் தந்தீங்க."

"இதுக்கு அந்த மிஷின்தான் அனுபானம். அதை ஒரு நாள் விட்டாலும் பத்தியம் முறிஞ்சிரும்."

பிரமநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வியாழக்கிழமை நீங்களே கூட்டிட்டுப் போங்க. வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போகக் கூடாது. உள்ள போய், பக்கத்துல உக்காரணும். நாலு மணி நேரம். எந்திரிக்கக் கூடாது."

"நாலு மணி நேரமா! உக்காந்துக்கிட்டா?"

"பத்தியம்னா சும்மாவா?"

பிறகு பத்தியம் என்ன என்று சொன்னார். மைதீனுக்கு டாக்டர் என்ன சொல்லியிருக்கிறாரோ அதேதான் உங்களுக்கும். உப்பு கொஞ்சூண்டு. பழம் கூடாது, இளநீர் கூடாது. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். நாள் முழுவதுக்கும் தண்ணீர் மூன்று டம்ளர். காப்பி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்த மூன்றுக்குள் அடக்கம்.

"இதானா? இந்தச் சாரல்ல எவனுக்குத் தாகம் எடுக்கு?" என்றார் பிரமநாயகம்.

அம்மை உலக்கையை எடுத்தார். கடுக்காயை இடிக்க ஆரம்பித்தார்.

காலைக் காப்பியிலேயே ஒரு டம்ளர் போய்விட்டிருந்தது என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. மத்தியானச் சோற்றுக்கு ஒரு கரண்டி ரசம். மூன்று மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாப் ஸ்டாப்பாகக் கத்தி, டெர்மினஸுக்கு டெர்மினஸ் ஒரு சொம்பை அண்ணாந்து கவிழ்த்த தொண்டை அது. மூன்று டம்ளர் அதற்கு எம்மாத்திரம்?

தண்ணீர் இல்லாத இடத்தில் தாகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே எங்கே பார்த்தாலும் தண்ணீர். கூரையில் தண்ணீர், இலையில் தண்ணீர், மூச்சு விட்டால் மூச்சில் தண்ணீர். ஓடை நாள் முழுக்கப் பேசிக்கொண்டே போனது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரைத்தார். அது அவர் முதுகில் பேசியது.

வீட்டில் மனைவி செண்பகவல்லி உப்பில்லாத கூட்டை வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிட்டா?" என்றாள். அவர் மூன்றாவது டம்ளரை எடுத்து உதட்டை மட்டும் நனைத்து நனைத்து வைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் கல்வத்தின் மேலேயே கண் சொக்கிவிட்டது. கனவு வந்தது.

கனவில் அவருடைய பழைய பஸ். நல்ல கூட்டம். ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, ஆறு. ஆற்றுக்குள்ளே பஸ் போகிறது, யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிக்கெட், டிக்கெட் என்று அவர் கேட்டுக்கொண்டே வருகிறார். ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறார்கள். அவர் அதை வாங்கி வாங்கிப் பின்னால் அனுப்புகிறார். கடைசி சீட்டில் மைதீன். மடியில் தைக்காத காக்கித் துணி. அவன் கைக்கு டம்ளர் வந்து சேரும்போது எல்லாம் காலியாக இருக்கிறது. பஸ்ஸை நிறுத்த விசிலை வாயில் வைத்து ஊதுகிறார். வாயில் ஈரமே இல்லை. காற்றுதான் வருகிறது.

விழித்தபோது ஓடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அம்மை எதிரே உட்கார்ந்து இலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மை, இது ரெண்டாம் நாள்தான். இல்லையா?"

"ரெண்டாம் நாள்தான்."

"மைதீன் எட்டு மாசமா இப்படியா இருக்கான்?"

"உங்களுக்குத்தான தெரியும். சோட்டாளி உங்களுக்குல்லா?"

பிரமநாயகம் விரலை மடக்கிப் பார்த்தார். மைதீனின் கிரியாட்டினின் எத்தனை, யூரியா எத்தனை, போன மாதம் எத்தனை, எல்லாம் தலைகீழாகச் சொல்வார். இதை அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை மைதீன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கிளம்பும். மிஷினுக்குப் போவோம்."

மைதீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. "நீருதானவே போக வேண்டாம்னீரு?"

"அம்மை சொல்லிட்டாங்க. மிஷின்தான் அனுபானம்."

"அப்படின்னா?"

"தேன் மாதிரி. மருந்தோட சேத்துக் குடுக்கிறது."

மைதீன் இடது கையைப் பார்த்தான். ஊசி குத்திக் குத்தி முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. "தேன்தான். தேனீ நல்லாக் கொட்டுது" என்று எழுந்தான்.

ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், "சரி, நீரு போயிட்டு வாரும்" என்றான் வழக்கம்போல.

"இல்ல. நானும் வாரேன்."

மைதீன் நின்று அவரைப் பார்த்தான். மறுபடி நடந்தான்.

உள்ளே எட்டுக் கட்டில். எட்டு மிஷின். பிரமநாயகத்துக்கு ஓர் இரும்பு ஸ்டூல் கிடைத்தது. நர்ஸம்மா ஊசியைக் குத்தும்போது அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது மைதீனின் ரத்தம் குழாயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு குழாயில் இறங்கி வந்துகொண்டிருந்தது. எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. எட்டு மாதமாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் எல்லாம் அடங்கியது. மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஜன்னலில் சாரல் இறங்கியது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர் அரைத் தூக்கத்தில் கிடந்தார். மத்தியான வண்டியில் ஆட்கள் சாய்ந்து தூங்குவார்களே, அப்படி. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் இறங்கவில்லை.

"கையை இங்க வையும்" என்றான் மைதீன்.

புடைத்த நரம்பின் மேல் பிரமநாயகம் விரலை வைத்தார். உள்ளே உர்ரென்று ஓர் அதிர்வு.

"நம்ம தையல் மிஷின் மாதிரி இல்ல? தூக்கம் வரலன்னா நான் இதைக் காதுல வச்சுக் கேப்பேன்."

பிரமநாயகம் கையை எடுக்கவில்லை.

"என்னவே உம்ம உதடு இப்படி வெடிச்சுக் கெடக்கு?"

"பத்தியம்."

"உமக்கென்ன நோய்?"

"ஒண்ணுமில்ல. உமக்காகத்தான். மூணு டம்ளர்."

மைதீன் கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீர் தளும்பியது. "பாத்துக்கிடும், இதுலதான் கொஞ்சம் தண்ணி வெளிய போகுது" என்று துடைத்தான்.

"கனவுல தண்ணி வருதா?" என்று கேட்டான்.

"நேத்து வந்துது. உமக்கு?"

"தினமும். பள்ளிவாசல்ல தொழுகைக்கு முந்தி ஒளு செய்யுற தண்ணித் தொட்டி, ஹவுளு, இருக்குல்லா? கை கால் கழுவத்தான் படியில இறங்குதேன். குனிஞ்சு குடிக்க ஆரம்பிச்சிருதேன். தொழுகை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நான் இன்னும் குடிச்சுக்கிட்டே இருக்கேன். வயிறு நிறையவே மாட்டேங்குது."

"எங்கிட்ட சொன்னதே இல்லையேவே?"

"நீரு உக்காந்ததே இல்லையே."

அது உண்மை. அதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் பிரமநாயகத்துக்கு வலித்தது.

"ரம்சானுக்கு நோன்பு வச்ச உடம்புதான்" என்றான் மைதீன். "தாகம் ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அதுல பாங்கு சொன்னதும் ஒரு வாய் கஞ்சி உண்டு. இதுல நோன்பு இருக்கு, திறக்கிற நேரம் இல்ல."

மிஷின் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. நர்ஸம்மா வந்து எதையோ திருகிவிட்டுப் போனார்.

பிரமநாயகத்தின் மனதில் என்னவோ ஒன்று மெதுவாக நகர்ந்து வந்து நின்றது. மூன்று டம்ளர். காப்பியும் அதற்குள்தான், ரசமும் அதற்குள்தான். அவர் நிமிர்ந்தார்.

"மைதீன்."

"சொல்லும்."

"நான் கொண்டு வருவேனே, கசாயம். ஒரு டம்ளர், ஒண்ணரை டம்ளர்."

"ஆமா."

"அதுவும் இந்த மூணுலதானா?"

மைதீன் ஜன்னலைப் பார்த்தான். "வேற எதுலவே?"

"அப்ப அன்னைக்குத் தண்ணி?"

"குறைச்சுக்கிடுவேன்."

"கசக்குமே! அதுக்கு மேல ஒரு மடக்குத் தண்ணி கூட..."

"வாய் கொப்பளிக்கலாம். துப்பிரணும்."

தான் பஸ் ஏறி, மலை ஏறி, ஆறு தாண்டிக் கொண்டுவந்த ஒவ்வொரு பாட்டிலும் பிரமநாயகத்தின் கண் முன்னால் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் தண்ணீரை மைதீன் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறது.

"சித்திரையில வாழைத்தண்டுச் சாறு கொண்டு வந்தேனே?"

"அதை விடும்."

"சொல்லும்."

"அது கல்லுக்குக் குடுக்கிறதாம்வே. என்னை மாதிரி ஆளுக்கு விஷமாம். மறுநாளு நெஞ்சு நிக்கப் பாத்துது, தூக்கிட்டு வந்து இங்கதான் போட்டாங்க. என்ன குடிச்சீருன்னு டாக்டரு கேட்டாரு. ஆசைப்பட்டு இளநி குடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"எம் பேரைச் சொல்லலையா?"

"எதுக்கு?"

"அதுக்கப்புறமும் நான் கொண்டு வந்ததைக் குடிச்சீரே! ஏன்வே குடிச்சீரு? நல்லாருக்கு நல்லாருக்குன்னு வேற சொன்னீரே!"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

மைதீனின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"நீரு உம்மைப் பாக்கல. நான்தான பாத்தேன். எனக்கு இந்த நோய்னு சொன்ன நாள்லருந்து உம்ம கண்ணு ரெண்டும் காய்ச்சக்காரன் கண்ணு மாதிரி ஆயிட்டு. சாப்பிடல, தூங்கல. உம்ம வீட்டுக்காரி வந்து எங்கிட்ட அழுதா. நீரு என்னத்தையாவது கொண்டு வந்து, நான் குடிச்சு, நல்லாருக்குன்னு சொன்னா ரெண்டு நாள் தூங்குவீராம். அவதான் சொன்னா. அதான் குடிச்சேன்."

"மிஷினை விடச் சொன்னேனே. விட்டா எத்தனை நாள்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா?"

"பத்து நாள். அல்லா வச்சா ரெண்டு வாரம்."

"தெரிஞ்சுமா சரின்னீரு?"

"எனக்கும் அலுப்புதான்வே, இல்லன்னு சொல்லல. ஆனா நான் மாட்டேன்னு சொன்னா நீரு வாசல்லயே விழுந்திருவீரு போல இருந்துது. என்ன சொல்லச் சொல்லுதீரு?"

பிரமநாயகம் அழுதார். ஐம்பத்தொன்பது வயது ஆள், ஆஸ்பத்திரி வார்டில், எட்டுப் பேர் நடுவே, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். மைதீன் ஊசி குத்தாத கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தான்.

"அழாதயும். அதுலயும் தண்ணி போகுது. மூணு டம்ளர்தான் உமக்கு" என்றான்.

மைதீன் தூங்கினான். தூக்கத்தில் அவன் தொண்டை ஏறி இறங்கியது. ஹவுளுப் படியில் குனிந்திருக்கிறான் என்று பிரமநாயகத்துக்குத் தெரிந்தது. அவர் அசையாமல் இருந்தார். சத்தம் கேட்டு விழித்துவிடக் கூடாதே.

"முடிஞ்சிட்டு, எந்திரிங்க" என்று நர்ஸம்மா வந்து சொன்னபோதுதான் நாலு மணி நேரம் ஆகிவிட்டது தெரிந்தது.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனார். பனி இன்னும் இறங்கியிருந்தது. கொட்டகையே தொலைவில் மிதக்கிற மாதிரி இருந்தது. வடிவம்மை அடுப்பில் மூலிகைக் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

பிரமநாயகம் எதிரே உட்கார்ந்தார். குத்துக்காலிட்டு அல்ல, சம்மணம் போட்டு. நடந்ததையெல்லாம் சொன்னார். வாழைத்தண்டைச் சொன்னார், கசாயத்தைச் சொன்னார், பத்து நாளைச் சொன்னார். அம்மை கிண்டுவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நான் மருந்து கேக்க வரல அம்மை."

"சரி."

"உங்ககிட்ட நிஜமாவே ஒண்ணும் இல்ல. இல்லையா?"

"முதல் நாளே சொன்னேனே அண்ணாச்சி."

"சொன்னீங்க. எனக்குத்தான் காது கேக்கல."

அடுப்பில் விறகு தணிந்தது. அம்மை ஒன்றைத் தள்ளிவிட்டார்.

"அவன் பிழைச்சுக் கெடப்பானா அம்மை?"

"தெரியாது. மிஷினை விடாம, டாக்டர் சொன்னபடி இருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம். யாராலயும் உறுதி சொல்ல முடியாது."

பிரமநாயகம் ஓடையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இந்தப் பதிலை எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். இப்போது எழவில்லை.

"அவன் குடிச்சதெல்லாம் எனக்கு வேண்டிய மருந்து" என்றார். "எனக்கு வந்த பயத்துக்கு அவன் கசப்பு குடிச்சிருக்கான். நான் என்னமோ அவனுக்கு வைத்தியம் பாக்கேன்னு நினைச்சுக்கிட்டு ஊர் ஊரா ஓடினேன். இனி நான் அவனுக்கு என்ன செய்யட்டும் அம்மை?"

வடிவம்மை அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தார்.

"எட்டு மாசமா அவருதான் உங்களுக்கு வைத்தியரா இருந்திருக்காரு. இனியாவது அவரை நோயாளியா இருக்க விடுங்க அண்ணாச்சி."